மும்முனையா, இருமுனையா? வெள்ளைக்காரத் துரையின் தொப்பியும் அதற்குத் தமிழில் வைக்கும் பெயரும்

பூலித்தேவன் நாடகம் போடுகிறவர்களும் கட்டபொம்மன் நாடகம் போடுகிறவர்களும் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரே தொப்பியைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்தது 1755. மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தது 1799. நடுவில் 44 ஆண்டுகள். அந்த 44 ஆண்டுக்குள் ஐரோப்பியர் தலையில் இருந்தது மூன்று முனையிலிருந்து இரண்டு முனைக்கு மாறிவிட்டது. பாதிப் பேர் தலையில் முனையே இல்லை.

மொழிபெயர்ப்பாளருக்கும் இதே சிக்கல்தான். ஆங்கில நூலில் 'காக்டு ஹாட்' (cocked hat) என்று வந்தால் அது எந்தத் தொப்பி என்பதை அந்தச் சொல் சொல்லாது, ஆண்டுதான் சொல்லும். ஆகவே எந்தத் தொப்பி, எந்தப் பெயர், எதில் செய்வது என்ற மூன்று முடிவுகளையும் இந்த வரிசையிலேயே எடுப்பது நல்லது.

முதலில் ஆண்டு

அடிப்படையில் இது ஒரே பொருள்தான்: தாழ்ந்த கொப்பரை (தலை உள்ளே போகும் குழிந்த பகுதி), அதைச் சுற்றி அகன்ற வட்ட விளிம்பு, முழுக்க ஃபெல்ட், அதாவது நெய்யாமல் அழுத்திச் செய்த முடித்துணி. 17-ஆம் நூற்றாண்டில் விளிம்பு அப்படியே தொங்கிக் கிடந்தது. மழையில் நனைந்தால் கண்ணை மறைக்கும், துப்பாக்கியைத் தோளில் தூக்கினால் இடிக்கும். அதனால் முதலில் ஒரு பக்கம், பிறகு இரண்டு, அந்த நூற்றாண்டின் கடைசியில் மூன்று பக்கமும் மேலே மடித்துக் கட்டினார்கள். 'காக்' என்ற ஆங்கில வினை இங்கே குறிப்பது இந்த மேல்மடிப்பைத்தான். நாய் காதை விடைக்கிறது என்கிறோமே, அந்த மாதிரி. சேவலை நினைத்துக்கொண்டு 'கொண்டைத் தொப்பி' என்று எழுதினால் தவறாகிவிடும்.

1690 முதல் 1780 வரை உள்ள கதை என்றால் மும்முனை. பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்த 1746, கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையைத் தாங்கிய 1751, வந்தவாசிப் போர் நடந்த 1760, யூசுப் கானை (மருதநாயகத்தை) தூக்கிலிட்ட 1764, காளையார்கோவில் வீழ்ந்த 1772 ஆகிய எல்லாமே இதற்குள் வரும். ஆனால் இந்தத் தொண்ணூறு ஆண்டும் வடிவம் ஒன்றாகவே இருக்கவில்லை. 1740களிலும் 50களிலும் படை அதிகாரிகளிடம் முன்முனை நிமிர்ந்து நிற்கும் பெரிய தொப்பி செல்வாக்குப் பெற்றது. ஆஸ்திரியத் தளபதி கெவன்ஹுல்லரின் பெயரால் அது அழைக்கப்பட்டது. 1760களில் லண்டன் நாகரிகர்கள் அதைச் சிறிதாக்கிக்கொண்டார்கள். அந்தச் சிறிய வடிவம் பிரெஞ்சுத் தூதர் நிவெர்னே பிரபுவின் பெயர் கொண்டது. 1770களிலிருந்து பின்பக்க மடிப்பு உயர்ந்துகொண்டே போக, முன்முனை மழுங்கி மறையத் தொடங்கியது.

1790களுக்கு வந்தால் முன்முனை போய்விட்டது. முன்னும் பின்னும் மட்டும் மடித்த இருமுனைத் தொப்பி. இதை இரண்டு விதமாக அணிந்தார்கள். முனைகள் இரு காதுகளுக்கு மேலே நிற்கக் குறுக்காக வைப்பது நெப்போலியன் பாணி. முனைகள் முன்னும் பின்னும் நோக்க நெடுக்காக வைப்பது வெலிங்டன் பாணி. 1799-இல் பானர்மனுக்கும் 1801-இல் மருது சகோதரர்களோடு மோதிய கர்னல் அக்னியுவுக்கும் படை அதிகாரி என்ற முறையில் இருமுனைத் தொப்பிதான் பொருத்தம். அப்போது குறுக்காக வைப்பதே பெருவழக்கு.

வட்டத் தொப்பி என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. நாடகக் குழுக்கள் இதை மறந்தே விடுகின்றன. விளிம்பை மடிக்காமல் விட்ட, கொப்பரை சற்று உயர்ந்த தொப்பி அது. 1790களில் இந்தியாவில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் வெயிலுக்காக இதைத்தான் போட்டார்கள். சீரங்கப்பட்டணத்தை 1799-இல் தாக்கிய வெள்ளைப் படைப்பிரிவுகளின் தலையில் இருந்ததும் இதுவே. அதே காலத்தில் சிவில் உத்தியோகஸ்தர்களுக்கும் அன்றாடத் தொப்பி இதுதான். 1798-இல் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனைச் சந்தித்த ஜாக்சன் துரை கலெக்டர், சிப்பாய் அல்ல. அவருக்குச் சிவப்புக் கோட்டும் பொன் சரிகைத் தொப்பியும் மாட்டுவது காலப்பிழை மட்டுமல்ல, பதவிப்பிழையும்கூட. கருநீலமோ பழுப்போ ஒரு சாதாரணக் கோட்டு, கறுப்பு வட்டத் தொப்பி, அவ்வளவு போதும். செலவும் குறைவு.

கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்கு இவற்றில் எதையும் மாட்டக் கூடாது. அவர்கள் தலையில் இருந்தது தலைப்பாகை. அதைத் தொப்பி போன்ற புதிய வடிவத்துக்கு மாற்றி, தோல் பதக்கமும் வைத்து, ஜெனரல் கிரடாக் காலத்தில் போட்ட உத்தரவுதான் 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் வெடித்தது. ஐரோப்பியரைத் 'தொப்பிக்காரர்' என்றே தமிழில் அழைத்த காலம் அது. தொப்பி போட்டால் மதம் மாறியதாகிவிடும் என்று அந்தச் சிப்பாய்கள் அஞ்சியதை இந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் ஆழம் புரியும். வேலூர்க் கதையைக் காட்டும் மேடையில் சிப்பாய்களுக்கு முனைத் தொப்பி மாட்டினால் கதையின் உயிரே போய்விடும்.

எந்தப் பெயர்?

மும்முனைத் தொப்பிக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ட்ரைகார்ன்' என்ற சொல் அந்தத் தொப்பியை அணிந்த ஆங்கிலேயர் வாயில் வந்ததில்லை. தொப்பி வழக்கொழிந்த பிறகு 19-ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிரிட்டிஷ் காலாட்படைக்கு 1768-இல் வந்த சீருடை ஆணையிலும் தொப்பிகள் எல்லாம் ஒரே சீராக 'காக்' செய்யப்பட வேண்டும் என்றுதான் இருக்கிறது, முனைக் கணக்கே இல்லை. ஜெர்மன்காரர்கள் முனைகளை எண்ணி ட்ரைஷ்பிட்ஸ், ட்ஸ்வைஷ்பிட்ஸ் என்கிறார்கள். ஆங்கிலமோ மடிப்பைச் சொல்லிவிட்டு முனையை விட்டுவிட்டது. அதனால்தான் 1750-இன் மும்முனையும், 1800-இன் இருமுனையும், பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஆளுநர்கள் விழாக்களில் இறகு வைத்து அணிந்த தொப்பியும் ஒரே பெயரில் நிற்கின்றன.

தமிழில் இப்போது புழங்கும் பெயர்களில் 'முக்கோணத் தொப்பி'தான் அதிகம் கண்ணில் படுகிறது. அது வேண்டாம். முக்கோணம் என்றால் பிறந்தநாள் கூம்புத் தொப்பி நினைவுக்கு வருகிறது, தையற்காரரிடம் சொன்னாலும் அதையே தைத்துக் கொடுப்பார். மேலும் இது சமபக்க முக்கோணமும் அல்ல. 'ட்ரைகார்ன் தொப்பி' என்பது கடைக்காரரிடம் கேட்கவும் இணையத்தில் தேடவும் உதவும், கதைக்குள் ஒட்டாது. 'மும்முனைத் தொப்பி' தெளிவானது, படிப்பவர் கண்ணில் வடிவத்தைக் கொண்டுவருகிறது, 'இருமுனைத் தொப்பி' என்று ஜோடியும் சேர்க்க முடிகிறது. மூலத்தில் ஆண்டு தெரியாமல் பொதுவாக 'காக்டு ஹாட்' என்று வரும் இடத்தில் 'விளிம்பு மடித்த தொப்பி' என்று எழுதினால் எந்தக் காலத்துக்கும் தவறாகாது. ஆங்கிலச் சொல்லின் உண்மையான பொருளும் அதுதான்.

பக்கத்திலேயே இன்னொரு சொல் காலை வாரும். 'காக்கேடு' என்பது மடிப்பு அல்ல, தொப்பியின் இடப்பக்கம் குத்தியிருக்கும் ரிப்பன் பூ. பிரிட்டிஷ் படைக்குக் கறுப்பு. பிரான்சை ஆண்ட பூர்போன் அரசர்களின் நிறம் வெண்மை என்றாலும், 1750களின் பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் பலவும் கறுப்பையே வைத்திருந்தன. மேடையில் இரு தரப்பையும் பிரித்துக் காட்ட பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளை வைப்பதில் தவறில்லை. மூவண்ணப் பூ மட்டும் 1789-க்கு முன்னால் வரக் கூடாது. 1754 வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளே தலையில் மூவண்ணம் இருந்தால் அது முப்பத்தைந்து ஆண்டு முந்திக்கொண்ட புரட்சி.

வசனத்தில் இந்தப் பெயர் எதுவும் வேண்டாம். அன்றைய தமிழனுக்கு அது 'தொப்பி', அவ்வளவுதான்.

எதில் செய்வது?

வாடகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் ஃபெல்ட் அல்லது ஃபோம். அச்சில் அழுத்தி மூன்று பக்கமும் சமமாக நிறுத்தியிருப்பார்கள். முப்பதடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அது போதும். கேமரா முன்னால் போதாது. சமபக்க மடிப்பில் சமோசா மாதிரி தெரியும், பளபளக்கும் லேஸ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், வியர்வை வெளியேற வழியில்லாமல் இரண்டாவது காட்சியிலேயே நெற்றியில் ஒழுகும். இதைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் தையலைப் பிரித்து, லேஸை மாற்றி, பின்பக்கத்தை அகலமாக வைத்து மறுபடி மடித்துத் தையுங்கள். பாதிக் குறை தீரும்.

அகன்ற விளிம்புக் கம்பளித் தொப்பியை வாங்கி மடிக்கலாமே என்று தோன்றும். பொதுவாக விற்பவற்றின் விளிம்பு 7 அல்லது 8 செ.மீ. இருக்கும். மடித்தால் கொப்பரை மேலே துருத்தி நிற்கும். அதில் செய்யக்கூடியது 1760களின் சிறிய நிவெர்னே தொப்பி மட்டுமே, அதுவும் படைக்கு அல்ல, நகரத்துக் கனவானுக்கு. அதிகாரிக்கு விளிம்பு 11 முதல் 13 செ.மீ. வேண்டும். வட்டத் தொப்பி தேவைப்படுகிறவர்கள் இந்த வழியையே எடுக்கலாம், மடிக்கவே வேண்டாம்.

முழுநீளப் படத்தின் நெருக்கக் காட்சிக்கு மடிக்காத வெறும் கம்பளி அல்லது முயல்முடித் தொப்பியை இறக்குமதி செய்து மடிப்பதே சிறந்தது. கொப்பரையும் விளிம்பும் தையலின்றி ஒரே துண்டாக இருக்கும். அசல் அதிகாரித் தொப்பி பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் முடியில் செய்தது. அதன் மென்பளபளப்புக்கு முயல்முடி ஓரளவு நெருங்கி வரும். சாதாரணச் சிப்பாய்க்கு அன்றும் கம்பளிதான்.

பத்துப் பதினைந்து தொப்பி வேண்டிய குழுவுக்கு, 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட் ஷீட் வாங்கிக் கையால் செய்வதுதான் சரியான வழி. வாங்கும்போது ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசம் வந்தால் கம்பளி. உருகி மணியாக உருண்டால் பாலியஸ்டர், அது ஆவியில் வளைந்து கொடுக்காது.

58 செ.மீ. தலைச் சுற்றளவுக்கு, வியர்வைப் பட்டைக்கும் சேர்த்து உட்சுற்று 59 செ.மீ. விளிம்புக்கு 45 செ.மீ. சதுரம், கொப்பரைக்கு 40 செ.மீ. சதுரம் தேவை. ஏறக்குறைய 19 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பாகம் உருண்டையாக இருந்தால் நல்லது. ஃபெல்ட் துண்டை நன்றாக ஆவியில் காட்டி, சூடாக இருக்கும்போதே பாத்திரத்தின் மேல் இழுத்து, 10 செ.மீ. உயரத்தில் கயிறு கட்டி, ஒரு நாள் காய விடுங்கள். ஆறிய பிறகு இழுத்தால் சுருக்கம் விழும், அது பிறகு போகாது.

விளிம்பு வட்டத்தின் ஆரம் 21.5 செ.மீ. உள்துளையைத் தேவையானதைவிட 1.5 செ.மீ. சிறிதாக வெட்டி, அந்த 1.5 செ.மீ. பகுதியைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, மேலே மடித்து, கொப்பரையின் உள்பக்கம் வைத்துத் தையுங்கள். தலை வட்டமல்ல, நீள்வட்டம். துளையை முன்பின்னாகக் கொஞ்சம் இழுத்து விடாவிட்டால் நெற்றியில் அழுத்தும், காதுப்பக்கம் தொளதொளக்கும்.

விறைப்புக்கு அவலரக்குப் பசை. பெயின்ட் கடையில் கிடைக்கும் ஷெல்லாக் 120 கிராமை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்தால் கரைந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இது: மடித்த பிறகு வெளியே தெரிவது விளிம்பின் மேல்பக்கம் அல்ல, அடிப்பக்கம். ஆகவே பசையை மேல்பக்கத்தில் பூச வேண்டும், மடிக்கும்போது அது கொப்பரையை ஒட்டி மறைந்துவிடும். லேஸ் தைக்க வேண்டியது அடிப்பக்கத்தில். மாற்றிச் செய்தால் பசைத் திட்டு வெளியே பளபளக்க, சரிகை உள்ளே ஒளிந்துகொள்ளும். 1768 ஆணையும், பின்புறத்தில் தைத்துப் பிடிக்கத் தேவையான அளவுக்கு மேல் லேஸ் போகக் கூடாது என்று இதைக் குறித்தே சொல்கிறது. மழைநாளில் பூசினால் கறுப்பு ஃபெல்ட்டில் வெண்படலம் படியும். வெறும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும்.

லேஸை மடிப்பதற்கு முன்பே தைத்துவிடுங்கள். விளிம்பின் சுற்றளவு 135 செ.மீ., ஒரு தொப்பிக்கு ஒன்றரை மீட்டர் போதும். சிப்பாய்க்கு வெள்ளைப் பருத்தி நாடா, அதிகாரிக்குப் பொன் அல்லது வெள்ளிச் சரிகை. அதே ஆணை சொல்லும் அகலம் ஒன்றேகால் அங்குலம், அதாவது சுமார் 3.2 செ.மீ. சேலை பார்டர் வாங்கும்போது பூவும் மாங்காயும் இல்லாத வெறும் நெசவாகப் பாருங்கள்.

அடுத்தது மடிப்பு. முன்முனையிலிருந்து இரு பக்கமும் 42.5 செ.மீ. அளந்து சாக்பீஸால் குறியுங்கள். பின்பக்கத்துக்கு 50 செ.மீ. மிஞ்சும். அந்த ஏழரை செ.மீ. வித்தியாசம்தான் தொப்பியைச் சமோசாவிலிருந்து காப்பாற்றுகிறது. ஆவி காட்டி முதலில் பின்பக்கத்தை நிமிர்த்துங்கள், பிறகு இடம், வலம். துணி கிளிப் மாட்டி ஓர் இரவு விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடத்தில் மெழுகு நூலால் கொப்பரையோடு சேர்த்துப் பிடியுங்கள். பசை போட்டு ஒட்டினால் பிறகு திருத்தவே முடியாது. முனைகளை விரலால் கூராகக் கிள்ள வேண்டாம், தானாக விழும் வளைவே அழகு. முன்னிருந்து பார்த்தால் கொப்பரை தெரியக் கூடாது.

3 செ.மீ. அகல ரிப்பனில் 50 செ.மீ. எடுத்து ஓர் ஓரத்தை நூலோட்டிச் சுருக்கினால் 6 செ.மீ. பூ கிடைக்கும். இடப்பக்கத் தையலை அதுவும், அதன் மேல் ஒரு வாரும் பித்தானும் மறைத்துவிடும்.

இருமுனைத் தொப்பிக்கும் இதே முறைதான். விளிம்பு பக்கங்களில் 12, முன்னால் 13, பின்னால் 15 செ.மீ. இருக்கட்டும். முன்னையும் பின்னையும் மட்டும் நிமிர்த்தி, ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் முனைக்கு முனை 43 செ.மீ. வரும். பூவின் இடம் முன்மடிப்பில், நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம்.

தலையில் வைக்கும்போது

மும்முனைத் தொப்பியின் முன்முனை மூக்குக்கு நேராக இருக்கக் கூடாது, இடப்புருவத்துக்கு மேலே இருக்க வேண்டும். துப்பாக்கி இடத்தோளில் சாயும். தொப்பியை அப்படித் திருப்பினால் இடப்பக்கப் பின்முனை பின்னால் ஒதுங்கி, துப்பாக்கியின் பக்கம் தட்டையான மடிப்பு வரும். நேராக வைத்துக்கொண்டு துப்பாக்கி தூக்கிப் பாருங்கள், முனை குழாயில் தட்டித் தொப்பி கோணிக்கொள்ளும். பின்னுக்குத் தள்ளி நெற்றி தெரிய வைப்பதும் தவறு. முகத்தில் நிழல் விழுகிறது என்றால் விளக்கைத் தாழ்த்துங்கள், தொப்பியைத் தூக்க வேண்டாம். விக் வைக்கும் நடிகருக்கு விக்கோடு சேர்த்துத் தலையை அளக்க வேண்டும். சாதாரண அளவில் செய்தால் தொப்பி உச்சியில் உட்கார்ந்து ஆடும்.

காட்சி முடிந்ததும் விளிம்பின் மேல் நிற்க வைக்காமல், கொப்பரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். கம்பளி என்பதால் அந்துப்பூச்சி வரும், பெட்டியில் நாப்தலின் உருண்டை தேவை.

வீட்டுக்குள், சபையில், பேச்சுவார்த்தையில் ஐரோப்பியக் கனவான் தொப்பியைக் கழற்றிவிடுவான், மும்முனையும் இருமுனையும் இடக்கைக்கு அடியில் தட்டையாக இடுங்கும். வட்டத் தொப்பி அப்படி இடுங்காது, அதை எங்காவது வைத்தாக வேண்டும். இராமநாதபுரக் காட்சியில் ஜாக்சன் பேசத் தொடங்கும்போது அவர் தலை வெறுமையாகவும், கறுப்பு வட்டத் தொப்பி மேசை மேலும் இருக்கட்டும்.